சித்தப்பாவின் பெட்டியை நான் சரி பண்ணிக் கொடுத்தது

வேலை விட்டு வந்து, காலை நீட்டி ஒரு வாய் தேத்தண்ணி குடிக்கலாம் என்று உட்கார்ந்தால் என் மகன் விடமாட்டான். சாப்பாட்டு மேசை முழுக்க ஈயக் கம்பியும் பொடிப் பொடிப் பாகங்களுமாகப் பரப்பி வைத்திருப்பான். கிட்டாருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே மாட்டி, காலால் மிதிக்கிற பெட்டிகளாம். வீட்டிலேயே கட்டக்கூடியவை என்று ஐந்தைப் பொறுக்கி எடுத்து, ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறான். ஒன்று எதிரொலி கொடுக்குமாம். இன்னொன்று சத்தத்தை ஊஞ்சல் கட்டி ஆட்டுமாம். நாள் முழுக்கக் கந்தோரில், அதாவது ஆபீசில், சனங்களோடு கத்திவிட்டு வருகிறவளுக்கு இதெல்லாம் மண்டையில் ஏறுமா? மேசையைத் துடைத்துச் சோற்றுக் கோப்பையை வைக்க இடம் விட்டால் போதும் என்றிருப்பேன்.

போன மாதம் ஒரு சாயங்காலம், பட்டியலில் இருந்த முதல் பெட்டியைக் கட்டி முடித்துவிட்டு, கிட்டாரை மாட்டிக்கொண்டு அதை மிதித்தான். நான் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கத்தினேன்.

"டேய், நிப்பாட்டுடா! ஸ்பீக்கர் கிழிஞ்சு போச்சு!"

"கிழியலம்மா," என்று சிரித்தான். "இந்தச் சத்தத்துக்காகத்தான் இந்தப் பெட்டியே. உலகத்துல எல்லாரும் மொதமொதல்ல கட்டுறது இதத்தான். ரெண்டே ரெண்டு டிரான்சிஸ்டர். அதுங்க தாங்குறதுக்கு மேல சத்தத்தக் குடுத்தா இப்பிடிக் கிழியும். பழைய காலத்து டிரான்சிஸ்டர், அதுலயும் கொஞ்சம் கெட்டுப்போனது கெடைச்சா இன்னும் நல்லா இருக்கும்."

கெட்டுப்போனது கிடைத்தால் இன்னும் நல்லா இருக்குமாம். நாற்பது வருடத்துக்கு மேலாக, கல்யாண வீட்டிலும் கந்தோரிலும் நான் சொல்லிச் சொல்லிச் சிரிக்க வைத்த ஒரு கதை இருக்கிறது. அதில் என் சித்தப்பாதான் கோமாளி. நான் கெட்டிக்காரி. மகன் "என்னம்மா, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?" என்று கேட்டான். தலைவலி என்று சொல்லிவிட்டேன்.

அப்போது நாங்கள் இலங்கை மலைநாட்டில், தெமோதரைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்தோம். லயத்தில், தொழிலாளர்களுக்கென்று கட்டிய வரிசை வீட்டில், எங்களுக்கு ஒரு காம்பரா. காம்பரா என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம், ஒரே அறை. அதில் அப்பா, அம்மா, நான், கைப்பிள்ளையாக என் தம்பி, இவர்களோடு கல்யாணம் ஆகாத சித்தப்பா. அப்பாவும் அம்மாவும் மலையில் வேலை. சித்தப்பாவுக்கு ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், தூள் சலிக்கிற அறையில் வேலை. வேலை விட்டு வரும்போது புருவம், மூக்கு, காது மடல் எல்லாம் பழுப்பாக இருக்கும். பீலியில், எங்கள் லயத்துக்குத் தண்ணீர் வருகிற குழாயடியில், தலையை நனைத்து நனைத்துக் கழுவுவார். எவ்வளவு கழுவினாலும் இருமும்போது தேயிலைத் தூள் வரும். அவருக்கு அப்போது இருபத்துமூன்றோ இருபத்துநாலோ வயதுதான். எனக்கு என்னவோ அவர் எப்போதும் களைத்துப்போனவராகவே ஞாபகத்தில் இருக்கிறார்.

அந்தக் களைப்போடு அவருக்கு ஒரு கிட்டார் வேறு. ஸ்டோரில் பெரியவரான டீமேக்கர் ஐயாவின் மகன் கொழும்புக்குப் படிக்கப் போனபோது கழித்துவிட்டுப் போனது. பலகை வெடித்து, ஒரு முறுக்காணி போயிருந்தது. சித்தப்பா அதற்கு ஒட்டுப் போட்டு, ஸ்டோரில் செத்துப்போன ஒரு டெலிபோனின் காதுக் குழாயைப் பிடுங்கி கிட்டாரின் வயிற்றில் கட்டினார். அதிலிருந்து ஒரு வயரை இழுத்து எங்கள் ரேடியோவுக்குள் செருகினால் கிட்டார் ரேடியோவில் பாடும். லயமே வந்து பார்த்தது. அத்தோடு நிறுத்தியிருந்தால் எல்லோருக்கும் நிம்மதி.

டீமேக்கர் பங்களாவில் இசைத்தட்டு போடுவார்கள். அதில் ஒரு நாள் ஏதோ ஒரு வெள்ளைக்காரன் கிட்டார் வாசிப்பதைச் சித்தப்பா கேட்டிருக்கிறார், சன்னலுக்கு வெளியே நின்று. அந்தச் சத்தம் வேண்டும் என்று பித்துப் பிடித்துவிட்டது. டீமேக்கரின் மகன் லீவுக்கு வந்தபோது, அந்தச் சத்தம் தருகிற பெட்டியை எப்படிக் கட்டுவது என்று ஒரு படத்தைக் கடதாசியில் கீறிக் கொடுத்தான். அன்றிலிருந்து எங்கள் அடுப்படி பட்டறை ஆகிவிட்டது.

வெளிநாட்டுச் சாமான் எதுவும் நாட்டுக்குள் வராத காலம் அது. அரிசிக்கும் மாவுக்குமே வரிசையில் நின்று கால் கடுத்தது. அதற்குள் இவர் டிரான்சிஸ்டருக்கு எங்கே போவார்? தோட்டத்தில் யார் வீட்டில் ரேடியோ மூச்சை நிறுத்தினாலும் சித்தப்பாவைக் கூப்பிட்டு விடுவார்கள். சரி பண்ண முடியாவிட்டால் உள்ளே இருப்பதைக் கழற்றிக்கொள்ளலாம் என்று பேச்சு. மின்சாரம் ஸ்டோருக்கு மட்டும்தான், லயத்துக்குக் கிடையாது. ஆகவே ஒரு செப்புக் கம்பியை அடுப்பு நெருப்பில் காய்ச்சி, ஈயத்தை உருக்கி ஒட்டுவார். அம்மா ரொட்டி சுடுகிற நேரத்தில்தான் அவருக்கும் நெருப்பு வேண்டும். "தம்பி, ஒண்ணு ரொட்டி வேணும், இல்ல ஒங்க கம்பி வேணும், ரெண்டும் ஒரு அடுப்புல வேகாது," என்று அம்மா சலித்துக்கொள்வாள். சொல்லிவிட்டு அடுப்பில் ஒரு ஓரத்தை விட்டுத் தருவாள்.

பெட்டி ஒரு பழைய பிஸ்கட் டின். காலால் மிதிக்கிற சுவிட்ச் எங்கும் கிடைக்காமல், தோட்டத்து லொறி டிரைவரிடம் கெஞ்சி, உடைந்த லொறி ஒன்றிலிருந்து விளக்கைத் தாழ்த்தி உயர்த்தக் காலால் அமுக்குகிற சுவிட்சைக் கழற்றி வந்தார். அதை மிதித்தால் 'டக்' என்று லயத்தின் கடைசிக் காம்பராவரை கேட்கும். மூடியை சைக்கிள் டியூப் வளையம் போட்டு இறுக்கி வைப்பார். வெயில் ஏறினால் பெட்டி கெட்டுப்போகும், குளிர்ந்திருந்தால்தான் ஒழுங்காக இருக்கும் என்று, காய்ச்சல்காரப் பிள்ளைக்குப் போடுவது மாதிரி ஈரத்துணி வேறு சுற்றி வைப்பார். இதை லயத்தில் எல்லோரும் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

பெட்டியிலிருந்து வந்த சத்தத்தை என்னவென்று சொல்வேன்! அழகாக 'டொய்ங்' என்று அடிக்கிற கிட்டார், அந்த டக்கை மிதித்தவுடன் தொண்டை கட்டிக் கரகரவென்று கிழியும். அப்பா, "கடலை வறுக்கிறானா, கிட்டார் அடிக்கிறானா?" என்பார். பக்கத்துக் காம்பரா அம்மா சுவரைத் தட்டுவாள். "தம்பி, புண்ணியமாப் போகும், அதக் கழட்டி வச்சிட்டு சும்மா வாசிப்பா. காது ரெண்டும் புண்ணாப் போச்சு." பள்ளிக்கூடத்திலும் என்னைப் பிய்த்து எடுத்தார்கள். ஒங்க சித்தப்பா கிட்டாருக்குச் சளி பிடிச்சிருக்காமே, மருந்து குடுத்தீங்களா என்று கேட்பார்கள். எனக்கு மானம் போகும்.

இதில் என் புத்திக்கு எட்டியது ஒன்றுதான். சித்தப்பா பெட்டியைத் திறப்பார், ஒரு டிரான்சிஸ்டரைக் கழற்றி இன்னொன்றை ஒட்டுவார், மிதிப்பார், கிட்டாரைத் தட்டுவார், காதைச் சாய்த்துக் கேட்பார், தலையை ஆட்டுவார். "இன்னும் சரியா வரல பாப்பா." மறுநாள் திரும்பவும் அதே. ஆறேழு மாதம் இப்படி. பார்க்கிற பதினோரு வயதுப் பிள்ளை என்ன நினைக்கும்? அந்தக் கரகரப்பைப் போக்கத்தான் மனுஷன் இந்தப் பாடு படுகிறார், அது போக மாட்டேன் என்கிறது என்றுதான் நினைத்தேன். பிறகு ஒரு நாள், யாரோ தூக்கிப் போட்ட ரேடியோவிலிருந்து துருப்பிடித்த ஒரு டிரான்சிஸ்டரை எடுத்துப் போட்டார். சத்தம் முன்பைவிட மோசமாகக் கிழிந்தது. அம்மியில் இழுத்த மாதிரி நீண்டுகொண்டே போயிற்று. சித்தப்பா மூடியைப் போட்டு டியூப் வளையத்தை மாட்டினார். அதன்பிறகு பெட்டியைத் திறக்கவே இல்லை. பாவம், கைவிட்டுவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வருடம் எங்கள் வீட்டில் இன்னொரு பேச்சும் நடந்துகொண்டிருந்தது. இரண்டு நாட்டு அரசாங்கமும் கையெழுத்துப் போட்டு, தோட்டத்துச் சனங்களை உனக்கு இத்தனை எனக்கு இத்தனை என்று பிரித்துக்கொண்டதில், அப்பாவுக்கு இந்த நாட்டுப் பிரஜை என்று கடதாசி வந்தது. அதே வயிற்றில் பிறந்த சித்தப்பாவுக்கு இந்தியா என்று வந்தது. அவர் அந்த நாட்டைப் பார்த்ததே கிடையாது. பாஸ்போர்ட் கைக்கு வந்தும் ஒரு வருடமாகப் போகாமல் தள்ளிக்கொண்டிருந்தார். ஸ்டோரில் இனி வேலை இல்லை என்று எப்போது வேண்டுமானாலும் சொல்லிவிடுவார்கள். அவரைக் காம்பராவில் வைத்திருக்கக்கூடாது என்று தோட்டத்து ஐயாமார் அப்பாவையும் கூப்பிட்டுச் சொல்லத் தொடங்கியிருந்தார்கள்.

அப்போதுதான் பண்டாரவளையில் ஒரு பாட்டு கோஷ்டி கிட்டாருக்கு இன்னொரு ஆள் தேடுகிறது, வரச் சொல்கிறார்கள் என்று டீமேக்கரின் மகன் மூலம் தகவல் வந்தது. ஹோட்டல்களிலும் கல்யாண வீடுகளிலும் வாசிக்கிறவர்கள். எடுத்துக்கொண்டால் டவுனிலேயே தங்கலாம். தோட்டத்துக் கணக்கில் இல்லாத ஆளை யார் வந்து தேடப்போகிறார்கள்? அப்பா ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே முடிவாகச் சொன்னார்.

"பண்டாரவளைக்காரங்க எடுத்துக்கிட்டா இரு. நான் ஒண்ணும் சொல்லல. இல்லன்னா ஒழுங்கா பேரக் குடுத்துட்டு அடுத்த கப்பலுக்குக் கெளம்பு. பொலீஸ் வந்து இழுத்துட்டுப் போற அசிங்கம் நமக்கு வேணாம்."

சித்தப்பா "சரிண்ணே" என்றார். அவ்வளவுதான். அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனாள். நான் சோற்றுக் கோப்பையை ஓரமாகத் தள்ளி வைத்தேன். என் சடையைப் பின்னத் தெரிந்த ஒரே ஆம்பிளை அவர்தான். காலையில் அம்மா பெரட்டுக்கு, ஆள் கணக்கு எடுக்கிற இடத்துக்கு ஓடியபிறகு, அவர்தான் பின்னிவிட்டு என்னை ஸ்டேஷன்வரை கொண்டுபோய் விடுவார். இந்த ஆளைக் கப்பலில் ஏற்றி அனுப்புவதா? கிட்டாரை நன்றாகத்தான் வாசிக்கிறார். கெடுப்பதெல்லாம் அந்தப் பெட்டிதான். அந்தச் சளிச் சத்தத்தோடு டவுன்காரர்கள் முன்னால் போய் நின்றால் யார் எடுப்பார்கள்? அதை யாராவது சரி பண்ண வேண்டும். வேறு ஆள் இல்லை, நான்தான்.

நான் அப்போது பதுளையில் பள்ளிக்கூடத்துக்குக் கோச்சியில், ரயிலில், போய் வந்துகொண்டிருந்தேன். பதுளைக் கடைத்தெருவில் ஒரு முஸ்லிம் பெரியவர் ரேடியோ திருத்துகிற கடை வைத்திருந்தார். ஊரே அவரை ரேடியோ நானா என்று கூப்பிடும். அவர் கைபட்டால் பிணம்கூடப் பாடும் என்று பேர். பண்டாரவளைக்குப் போகவேண்டிய ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் வந்த வாரம் மலையில் கொழுந்து மலிந்துவிட்டது. ஸ்டோரில் ஆட்களைப் போட்டு வாட்டினார்கள். சித்தப்பா வீட்டுக்கு வருவது குளிக்கவும் விழுந்து தூங்கவும்தான். பெட்டியைத் தொடவே நேரமில்லை. தொடவும் மாட்டார். எங்கெங்கோ அலைந்து வாங்கிய ஒரே ஒரு புது பேட்டரியைக் கடதாசியில் சுற்றி ஞாயிற்றுக்கிழமைக்கென்று வைத்திருந்தார். பழைய பேட்டரியை வெயிலில் காயவைத்துப் போட்டும் ஒரு முக்கல்கூட வரவில்லை.

புதன்கிழமை காலை ஈரத்துணிக்குள் ஒரு செங்கல்லைச் சுற்றி வைத்துவிட்டு, பெட்டியைப் புத்தகப் பைக்குள் போட்டுக்கொண்டு கோச்சி ஏறினேன். பள்ளிக்கூடம் விட்டதும் நானாவின் கடைக்குப் போனேன். அவர் மூக்குக்கண்ணாடியை இறக்கி டின்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதென்ன மகள், பிஸ்கட் கொண்டாந்தீங்களா?"

"இல்ல நானா. எங்க சித்தப்பா கட்டினது. கிட்டார மாட்டினா சத்தம் கிழியுது. ஞாயித்துக்கெழம அவரு பெரிய எடத்துல வாசிக்கணும். நல்லா வாசிக்கலன்னா இந்தியாவுக்கு அனுப்பிருவாங்க."

அவர் சிரிக்கவில்லை. டியூப் வளையத்தைக் கழற்றி உள்ளே பார்த்தார். ஏதோ ஒரு கருவியை வைத்துத் தட்டினார். கடையில் இருந்த ஸ்பீக்கரில் கரகரவென்று கிழிந்தது. முகத்தைச் சுளித்தார்.

"கட்டின புள்ளைக்கு நல்ல கை. சாமான்தான் சரியில்ல. ஒரு டிரான்சிஸ்டர் அடியோட போயிட்டுது, ஓட்டையா ஒழுகுது. சத்தம் அளவுக்கு மிஞ்சி ஏறுது. நாளைக்கி இந்நேரம் வாங்க மகள், புதுசு மாதிரி ஆக்கித் தாறேன்."

மறுநாள் போனபோது செய்து வைத்திருந்தார். வெளிநாட்டுச் சாமான் கிடைக்காத காலத்தில், தன் அலுமாரியில் பொத்தி வைத்திருந்த புத்தம்புது டிரான்சிஸ்டர் ஒன்றை எடுத்து அதில் போட்டிருந்தார். சத்தம் மிஞ்சி ஏறாதபடி உள்ளே மற்ற இணைப்புகளையும் மாற்றியிருந்தார். உள்ளே ஈயம் வெள்ளிப்பொட்டு மாதிரி மின்னியது. தட்டிக் காட்டினார். கோயில் மணி மாதிரி சுத்தமான சத்தம். எனக்குக் குதிக்க வேண்டும் போலிருந்தது.

"அந்தக் கெட்டுப்போனது?"

"அது எதுக்கு, வீசிட்டேன்."

எவ்வளவு என்று கேட்டேன். அவர் கையை வீசினார். "போங்க மகள். ஒங்கட சித்தப்பா இங்கயே இருக்கட்டும்." நல்ல மனுஷன். இன்றைக்கும் அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

செங்கல்லை எடுத்துவிட்டுப் பெட்டியைத் துணிக்குள் வைத்தேன். சொல்லிவிடலாமா என்று வாய்வரை வந்தது. வேண்டாம், வாசிக்கும்போது அவரே கேட்டு அசந்துபோகட்டும் என்று அடக்கிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா கிட்டாரைத் தூக்கிக்கொள்ள, நான் ஈரத்துணி சுற்றிய பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போனேன். கோச்சியில் சனம். எஞ்சின் சூட்டில் பெட்டி காயாமல் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டுமாம், அதனால் எனக்கும் பயணம். சித்தப்பா வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். அம்மா கரி இஸ்திரிப் பெட்டியில் தேய்த்துக் கொடுத்தது. எல்ல ஸ்டேஷன் கழிகிறவரை சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு விரல்களை மடக்கி நீட்டிக்கொண்டே, "பாப்பா, அவங்க எடுத்துக்கிட்டா ஒனக்கு வாரா வாரம் பனிஸ் வாங்கியாறேன்," என்றார். பனிஸ் என்றால் இனிப்பு பன், எனக்கு உயிர். அவர் அப்படி ஆசை காட்டிப் பேசி நான் கேட்டதில்லை.

பண்டாரவளையில் ஒரு ரொட்டிக் கடைக்குப் பின்னால் இருந்த மண்டபத்தில் நாலு பேர் இருந்தார்கள். தலைமுடி வளர்த்தவர்கள். பெரியவர் போலிருந்தவர் கந்தோர் வேலைக்காரர், சிங்களவர், எங்களோடு தமிழில் பேசினார். நிஜமான ஸ்பீக்கர் பெட்டி ஒன்று அங்கே என் உயரத்துக்கு நின்றது. சித்தப்பாவின் ஒட்டுப்போட்ட கிட்டாரைப் பார்த்து ஒருவரும் சிரிக்கவில்லை என்பதில் எனக்குப் பெரிய ஆறுதல்.

சித்தப்பா புது பேட்டரியைப் போட்டு, பெட்டியைக் காலடியில் வைத்து, முதலில் அதை மிதிக்காமல் வாசித்தார். நன்றாக இருந்தது. அவர்கள் தலையாட்டினார்கள்.

"நல்லாயிருக்கு தம்பி," என்றார் அந்தப் பெரியவர். "இப்ப அந்தச் சத்தத்தக் காட்டுங்க. அதுக்குத்தானே ஒங்களக் கூப்பிட்டது."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. சித்தப்பா 'டக்' என்று மிதித்துக் கம்பியைத் தட்டினார். மணி மாதிரி வந்தது. முன்னைவிடக் கொஞ்சம் உரத்து, கொஞ்சமும் பிசிறில்லாமல். சித்தப்பா கையை எடுத்துவிட்டார். திரும்ப மிதித்தார். தட்டினார். மணி. குமிழைத் திருகினார், எல்லை வரைக்கும். மணிதான். குனிந்து பெட்டியைத் தட்டினார், காதை வைத்துப் பார்த்தார். பின்கழுத்தில் வியர்வை ஓடி வெள்ளைச் சட்டைக்குள் இறங்கியது. டிரம் அடிக்கிறவர் எதையோ சிங்களத்தில் சொல்ல, பெரியவர் பொறு என்று கையைக் காட்டினார்.

சித்தப்பா டியூப் வளையத்தைக் கழற்றி மூடியைத் திறந்தார். உள்ளே பார்த்தார். அந்த வெள்ளிப்பொட்டு ஈயத்தை, புத்தம்புது டிரான்சிஸ்டரை, வெகுநேரம் பார்த்தார். பிறகு தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். நான் சிரித்தேன். வாய் காதுவரை விரியச் சிரித்தேன். எப்படி என் வேலை என்று கேட்கிற சிரிப்பு.

அவர் மூடியைப் போட்டு வளையத்தை மாட்டினார்.

"என்ன தம்பி, ஏதும் ஒடைஞ்சிருச்சா? வேணுன்னா இன்னொரு நாள்..."

"இல்லீங்க, பெட்டி நல்லாத்தான் இருக்கு," என்றார் சித்தப்பா. "எனக்குத்தான் இன்னிக்கிக் கை வரல."

அந்தப் பெரியவர் மரியாதைக்காரர். எங்களுக்குத் தேத்தண்ணியும் பனிஸும் வாங்கிக் கொடுத்தார். வாசற்படியில் நின்று, "நல்லா வாசிக்கிறீங்க. ஆனா இந்த மாதிரி வாசிக்க எங்ககிட்டயே ஆள் இருக்கு தம்பி, மனசுல வச்சிக்காதீங்க," என்றார். அந்தப் பனிஸை நான் மண்டபத்திலேயே தின்று முடித்தேன். சித்தப்பா தன் பங்கையும் எனக்குத் தந்தார்.

அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பிள்ளை தெரியாமல் செய்துவிட்டது, ஒரு மாதம் பொறுங்கள் என்று சொல்லியிருக்கலாம். நாலு ஆம்பிளைகள் முன்னால் எனக்குத் தலைகுனிவு வரக்கூடாது என்று சொல்லாமல் விட்டாரா, அல்லது இன்னும் ஒரு ஆறு மாதம் செத்த ரேடியோக்களைத் தேடி அலைய உடம்பில் தெம்பில்லாமல் விட்டாரா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. இரண்டும் இருக்கலாம்.

தெமோதரையில் இறங்கித் தோட்டத்துக்கு ஏறுகிற பாதையில் எனக்குப் பொறுக்கவில்லை.

"சித்தப்பா, பெட்டிய நான்தான் சரி பண்ணிக் குடுத்தேன். பதுளைல ரேடியோ நானாகிட்ட."

"பாத்தேன் பாப்பா."

"நல்லா இருந்துச்சில்ல?"

அவர் நின்று இருமினார். இருமி முடிந்ததும், "ரொம்ப நல்லா பண்ணியிருக்காரு," என்றார். "ஒரு எரைச்சல் கெடையாது." சற்று நடந்தபிறகு, "பழைய டிரான்சிஸ்டர் ஒண்ணு இருந்திருக்குமே, அத என்ன பண்ணினாரு?" என்று கேட்டார்.

"அது கெட்டுப்போச்சாம். வீசிட்டாரு."

"ம்," என்றார். "அம்மாகிட்ட சொல்லிக்கிடாத. கடைத்தெருவுல சுத்துனேன்னு ஏசுவாங்க."

அவ்வளவுதான். எனக்கு வந்த ஆத்திரத்தைக் கேட்காதீர்கள். நான் புத்தகத்தை விட்டுவிட்டுப் பெட்டியைச் சுமந்து, செங்கல்லை ஒளித்து, பயந்து பயந்து செய்த வேலைக்கு ஒரு 'நல்ல பிள்ளை' உண்டா? பெட்டி மணி மாதிரி அடித்தும் இவர்தான் பயந்து நடுங்கிச் சொதப்பிவிட்டார். வீட்டில் அம்மா கேட்டதும், "சித்தப்பாவுக்குக் கை நடுங்கிருச்சு," என்று நான்தான் முந்திக்கொண்டு சொன்னேன். அவர் சுவரோரமாக உட்கார்ந்து சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்தார். இல்லை என்று சொல்லவில்லை. மறுவாரமே பேர் கொடுத்துவிட்டார்.

சித்தப்பா பயந்தாங்கொள்ளி என்று எனக்கு அப்போதே தீர்மானம் ஆகிவிட்டது. அவர் போவதில் எனக்கு இருந்த துக்கம் முழுவதும் அவர்மேல் கோபமாகத்தான் வந்தது. சடை பின்ன வந்தால் தலையைக் கொடுக்க மாட்டேன். லயத்துப் பிள்ளைகளிடம், "நான் பெட்டியச் சரி பண்ணிக் குடுத்தும் அவருக்கு வாசிக்கத் தெரியல," என்று சொல்லித் திரிந்தேன். அது அவர் காதிலும் விழுந்திருக்கும். ஒரே காம்பராவில் எதுதான் காதில் விழாது?

போகிற நாளன்று ஸ்டேஷனில் ஒரே அழுகை. தெமோதரைப் பக்கத்திலிருந்து மட்டும் எத்தனையோ குடும்பங்கள் போயின. பெட்டி படுக்கை, ஆட்டுரல், சாமி படம் என்று பிளாட்பாரம் நிறைந்திருந்தது. அம்மா சித்தப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு கேவினாள். அப்பா அந்தப் பக்கம் திரும்பி நின்றார். சித்தப்பாவின் கையில் ஒரு தகரப் பெட்டியும் ஒரு துணி மூட்டையும்தான். கிட்டாரை லொறி டிரைவரிடம் கொடுத்துவிட்டார். எதற்குக் கொடுத்தீர்கள் என்று நான் கேட்கவில்லை, அவ்வளவு ரோஷம்.

கோச்சி நகர்வதற்குச் சற்று முன்னால்தான் எனக்கு மனம் இளகியது. சன்னலடிக்கு ஓடினேன். பெரிய மனசு பண்ணி அவரை மன்னித்துவிடுவது என்று முடிவு செய்திருந்தேன்.

"சித்தப்பா, அங்க போயாவது பயப்படாம நல்லா வாசிச்சுப் பழகிக்குங்க," என்றேன்.

அவர் சன்னல் கம்பிக்கு வெளியே கையை நீட்டி, நானே கோணல்மாணலாகப் பின்னியிருந்த சடையைத் தொட்டார்.

"சரி பாப்பா," என்றார். "பழகிக்கிறேன்."